"கள்" ஈறும் சிறுவர் எழுத்தும்

சிறுவர் ஏடுகளைத் திருத்துவோர் சிவப்பு மையை மிகுதியாகச் செலவிடும் இடங்களுள் "கள்" என்னும் பன்மை விகுதியும் ஒன்று. "மரங்கல்", "பழங்கல்" என எழுதும் குழந்தையைக் கவனமில்லாதது என்று கடிந்துகொள்ளுதல் முறையன்று. அது கேட்டதையே எழுத முயல்கின்றது. வீட்டிலும் தெருவிலும் அதன் செவியில் விழுவது "மரங்க", "பழங்க" என்னும் ஒலியே. கேளாத ஈற்றெழுத்தை லகரமென்றோ ளகரமென்றோ அது எங்ஙனம் துணியும்?

ஆயினும் அவ்வெழுத்துப் பேச்சினின்று முற்றும் ஒழிந்திலது. உருபு ஏற்குங்கால் மீண்டு தோன்றுகின்றது. "மரங்க" என்னும் அதே சிறுவன் "மரங்களுக்குத் தண்ணீர் ஊற்று" என்னுமிடத்து நாவை மடித்து ளகரத்தைத் தெளிவாக ஒலிக்கின்றான். ஐயம் எழுந்தவிடத்துச் சொல்லை இங்ஙனம் நீட்டிச் சொல்லிப் பார்க்கப் பழக்கினால், அவன் நாவே அவனுக்கு விடை கூறும். லகர ளகர வேறுபாட்டை நாவிலேயே இழந்த பிள்ளைக்கு முதலில் ஒலிப்பயிற்சி வேண்டும். அது வேறு வேலை.

நிற்க. விகுதிக்கு முன்னெழுத்துத் திரிவதைக் கற்பிக்க, ஏழு வயதுப் பிள்ளையிடம் "மகரம் கெட்டு இனமெல்லெழுத்து மிகும்" என்று ஓதிப் பயனென்ன? போப்பையரும் (1820–1908) ஆறுமுக நாவலரும் (1822–1879) வினாவிடையாக வகுத்த இலக்கணங்கள் சற்றே வளர்ந்த மாணாக்கர்க்கு உரியன. மரங்கள், படங்கள், குளங்கள் என ஓரினச் சொற்களை வாய்விட்டுச் சொல்வித்து, "பட்டம்" என்னும் புதுச்சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். விதி அறியாமலே "பட்டங்கள்" என்பான். பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள் ஒரு குடும்பம். கிளிகள், மலைகள், மாடுகள், நாய்கள் மற்றொன்று. இரண்டையும் ஒரே நாளிற் கலத்தல் ஆகாது. கற்கள், முட்கள் என்பனவோ வீட்டில் வழங்காதவை. அங்கே "கல்லுங்க" என்பதே வழக்கு. இவற்றைக் கண்ணாற் கண்டு கையால் எழுதிப் பழகுதலன்றி வேறு வழியில்லை.

இனி, எழுத்துகளா எழுத்துக்களா, நாள்களா நாட்களா என்று புலவர்களே இன்றும் வழக்காடுகின்றனர். அச்சிலும் இருவகையும் வருகின்றன. ஒற்று மிகின் "வாழ்த்துக்கள்" என்பது பருகும் கள்ளைக் குறித்துவிடும் என்று அஞ்சுவாரும் உளர். வாழ்த்து மடலில் கள்ளைத் தேடுவார் யாவரோ, அறியேன். பெரியோர் முடிவு காணாத வழக்கிற் சிறுவனுக்குத் தண்டம் விதித்தல் நீதியாமோ? எதனை எழுதினும் மதிப்பெண் குறைத்தல் கூடாது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தெழுதுவானாயின், ஏட்டின் ஓரத்திற் பென்சிலால் ஒரு கோடு இட்டுக் காட்டுதல் போதும்.