போங்கு ஆட்டம் ஆடியது யார்?

தெருவில் ஒரு நாள்கூட பேட் பிடிக்காதவர்களுக்கும் இந்த வார்த்தை தெரிந்திருக்கும். போங்கு. "டேய், போங்கு ஆட்டம் ஆடாதடா!" மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் இருக்கிற சந்தோ, தி.நகர் முட்டுச் சந்தோ, அடையாறு காந்தி நகரோ, எங்கே போனாலும் இதற்கு ஒரே அர்த்தம்தான். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் என்ன ரூல் பேசினோமோ, அதை மீறினால் போங்கு. எதிர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நேராக அடித்தால் அவுட் என்று பேசியாச்சு என்றால் அவுட்தான். "அது நல்ல ஷாட்டுடா, அதுக்குப் போய் அவுட் கேக்கறியே, உனக்கு மனசாட்சி இல்லையா?" என்று எவனும் கேட்க மாட்டான். கேட்டால் அவன்தான் போங்கு.

பத்து வயசில் இவ்வளவு தெளிவாக இருந்த நாம், வளர்ந்த பிறகு இதைத் தலைகீழாக்கிவிட்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு. எழுதி வைத்த விதிப்படி ஆடினவனைப் பார்த்து "ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் இல்லை" என்கிறோம். விதியை உடைத்து தண்டனை வாங்கிய நிர்வாகத்துக்கு மேளதாளத்தோடு வரவேற்பு கொடுக்கிறோம். இரண்டுக்கும் உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். இரண்டுமே நம்ம ஊர்க் கதை.

முதலில் விதிப்படி ஆடினவர். மேற்கு மாம்பலத்துக்காரர் ரவிச்சந்திரன் அஸ்வின்.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். பஞ்சாப் அணிக்கு அஸ்வின் கேப்டன். ராஜஸ்தானுக்கு 185 ரன் இலக்கு. ஜோஸ் பட்லர் 43 பந்தில் 69 அடித்து ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தார். அஸ்வின் பந்து போட ஓடி வருகிறார், எதிர்முனையில் நின்ற பட்லர் கிரீஸை விட்டு வெளியே போகிறார், அஸ்வின் பெயில்ஸைத் தட்டுகிறார். மூன்றாவது நடுவர் பார்த்து அவுட் கொடுத்தார். ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றது.

அப்புறம் ஆரம்பித்தது பஜனை. கிரிக்கெட்டின் ஆன்மா செத்துவிட்டதாம். முன்னாள் வீரர்கள் வரிசையாக வந்து உபதேசம் செய்தார்கள். அதில் ஷேன் வார்னும் ஒருவர். பந்துவீச்சில் அவர் மேதை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1994-ல் கொழும்பில் ஒரு புக்கியிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஆடுகளம், வானிலை பற்றித் தகவல் சொன்னதற்காக அபராதம் கட்டியவர். தடை செய்யப்பட்ட மாத்திரைக்காக 2003-ல் ஒரு வருடம் வெளியே உட்கார்ந்தவர். அவர் அஸ்வினுக்கு நேர்மைப் பாடம் எடுத்தார். நம்ம ஊரிலும் அதற்குத் தலையாட்டியவர்கள் உண்டு.

இன்னொரு கூத்து, கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்.சி.சி. செய்தது. (நம்ம தாம்பரம் காலேஜ் இல்லை மக்களே, லண்டன் கிளப் :-) ) இந்த விதி கண்டிப்பாகத் தேவை, இல்லாவிட்டால் எதிர்முனை ஆட்டக்காரர் பாதி பிட்ச் வரை ஓடிவிடுவார் என்று முதல் நாள் சொன்னார்கள். மறுநாள், யோசித்துப் பார்த்தோம், அஸ்வின் செய்தது கிரிக்கெட்டின் ஸ்பிரிட்டுக்கு ஏற்றதல்ல என்றார்கள். விதி அவர்களுடையது, விளக்கம் அவர்களுடையது, ஒரே ராத்திரியில் மாறியதும் அவர்கள்தான். கெட்ட பேர் மட்டும் அஸ்வினுக்கு.

இது புதுசும் இல்லை. 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் வினூ மன்கட் இதே மாதிரி பில் பிரவுனை அவுட் ஆக்கினார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இன்னொரு ஆட்டத்தில் அதே பிரவுனுக்கு முதலில் எச்சரிக்கை கொடுத்து, கேட்காததால் அவுட்டும் ஆக்கியிருந்தார். அப்புறமும் பிரவுன் வெளியே போனார். ஆஸ்திரேலிய கேப்டன் பிராட்மேனே மன்கட் செய்ததில் தப்பில்லை என்று தன் சுயசரிதையில் எழுதினார். ஆனால் உலகம் என்ன செய்தது? அந்த அவுட்டுக்கே 'மன்கடிங்' என்று பேர் வைத்தது. கிரீஸைத் தாண்டி ரன் திருடப் பார்த்தவர் பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை. பிடித்துக் கொடுத்தவர் பேர் ஒரு வசவுச் சொல்லாகிவிட்டது. பிக்பாக்கெட் அடித்தவனை விட்டுவிட்டு, கையைப் பிடித்தவனை "ஏன்யா இப்படி அநாகரிகமா கையப் பிடிக்கற?" என்று கேட்பது மாதிரி.

"அப்ப ரூல்ல இருக்கறது எல்லாம் சரியா? 1981-ல சேப்பல் பண்ணாரே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் ஆறு ரன் தேவை. ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சேப்பல் தன் தம்பி டிரெவரை அண்டர்ஆர்மில் பந்தை உருட்டச் சொன்னார். அன்றைய விதிப்படி செல்லும். அசிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? விதியை மாற்றினார்கள், அப்படிப் போட முடியாமல் செய்தார்கள். விதி தப்பு என்றால் செய்ய வேண்டிய வேலை அதுதான். மன்கட் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. முக்கால் நூற்றாண்டு யோசித்துவிட்டு, 2022 அக்டோபரில் இந்த அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற விதியிலிருந்து எடுத்து சாதாரண ரன் அவுட் விதிக்குள் வைத்தார்கள். அதாவது மன்கட் சொன்னதுதான் சரி, அஸ்வின் செய்ததுதான் சரி.

பெருந்தன்மையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1987 உலகக் கோப்பையில் லாகூரில் கடைசிப் பந்தில் கோர்ட்னி வால்ஷ், வெளியே போன சலீம் ஜாஃபரை அவுட் ஆக்காமல் எச்சரித்துவிட்டுத் திரும்பினார். மேற்கிந்தியத் தீவுகள் ஒரு விக்கெட்டில் தோற்றது. அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அதைத் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெருந்தன்மை அப்படித்தான் இருக்க முடியும். அடுத்தவன் பாக்கெட்டில் கைவிட்டு எடுத்து "கொடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவ?" என்று கேட்பதற்கு வேறு பேர்.

சரி, இப்போது அடுத்த கேஸ். இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் என்னோடு பேசாமல் போகப்போகிறீர்களோ தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் மஞ்சள் சட்டைதான். அதனால்தான் எழுதுகிறேன்.

2013 மே 24. சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்தைச் சேர்ந்த குருநாத் மெய்யப்பனை பெட்டிங் வழக்கில் மும்பை போலீஸ் கைது செய்தது. அவர் அப்போதைய கிரிக்கெட் வாரியத் தலைவர் என்.சீனிவாசனின் மருமகன். சீனிவாசன் நடத்திய இந்தியா சிமெண்ட்ஸ்தான் அணியின் உரிமையாளர். கைதானதும் வந்த விளக்கம், அவர் ஓனரும் இல்லை, பிரின்சிபாலும் இல்லை, நிர்வாகக் குழுவில் ஒரு கௌரவ உறுப்பினர், அவ்வளவுதான் என்பது. வாரியம் ஒரு விசாரணைக் குழு போட்டது. ஆதாரம் இல்லை என்றது அந்தக் குழு. அந்தக் குழுவை அமைத்த விதமே சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அமைத்த முட்கல் குழு 2014 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அவர் அணியின் அதிகாரிதான், பெட் கட்டியதும் தகவல் கொடுத்ததும் நிரூபணமாகிறது என்றது. 2015 ஜூலை 14 அன்று லோதா குழு அவருக்கு ஆயுள் தடை விதித்தது. சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளுக்கும் இரண்டு வருடத் தடை.

ஆனால் என்னைக் கேட்டால் பெட்டிங்கைவிடப் பெரிய போங்கு ஒன்று அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. கிரிக்கெட் வாரியத்தில் 6.2.4 என்று ஒரு விதி இருந்தது. வாரிய நிர்வாகி யாருக்கும் வாரியம் நடத்தும் ஆட்டங்களில் வியாபார சம்பந்தம் இருக்கக் கூடாது. 2008-ல் இந்தியா சிமெண்ட்ஸ் சென்னை அணியை வாங்கியபோது சீனிவாசன் வாரியப் பொருளாளர். அணி வாங்கியாச்சு, முதல் சீசனும் ஆடியாச்சு. அதற்கப்புறம் அதே வருடம் செப்டம்பரில் அந்த விதியில் ஐ.பி.எல்.லுக்கு மட்டும் விலக்கு சேர்த்தார்கள்.

தெருவில் பேட் வைத்திருக்கிற பையன் ஞாபகம் இருக்கிறதா? போல்டு ஆனதும் "இது ட்ரையல் பால்" என்பானே, அவனேதான். ஆட்டத்தின் நடுவில் ரூலை மாற்றுவான். எதிர்த்துப் பேசினால் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். இதை எதிர்த்து முதலில் கோர்ட்டுக்குப் போனவரும் நம்ம ஊர்க்காரர்தான், முன்னாள் வாரியத் தலைவர் ஏ.சி.முத்தையா. 2011-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். கடைசியில் 2015 ஜனவரி 22 அன்று, வேறொரு வழக்கில், அந்தத் திருத்தம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துப்போட்டது. அந்த ஏழு வருடம் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? விசில் போட்டுக்கொண்டிருந்தோம்.

2018-ல் அணி திரும்பி வந்தது. காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது, ரசிகர்கள் தனி ரயிலேறிப் போனார்கள். அந்த வருடமே கோப்பையும் வந்தது. சினிமாவில்கூட இப்படி ஒரு இரண்டாம் பாதி எழுத முடியாது. அந்த சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கதையை எப்படிச் சொன்னோம் என்று பாருங்கள். 'வனவாசம்' என்றோம். ராமர் தப்பு செய்துவிட்டா காட்டுக்குப் போனார்? இரண்டு வருடத் தடை என்ற வார்த்தையை மறைக்க நமக்குப் புராணம் தேவைப்பட்டது.

வழக்கமான சமாதானங்கள் தெரியும். "பிளேயர்ஸ் என்ன பண்ணாங்க?" ஒன்றும் செய்யவில்லை. குருநாத்தே ஆட்டத்தை ஃபிக்ஸ் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்றுதான் முட்கல் குழுவும் சொன்னது. அப்படியானால் நம் கோபம் யார் மேல் இருக்க வேண்டும்? வீரர்களின் இரண்டு வருடத்தையும், சேப்பாக்கத்தின் இரண்டு வருடத்தையும் காவு கொடுத்த நிர்வாகத்தின் மேல்தானே? நாம் கோபப்பட்டது நீதிபதிகள் மேல். "எல்லா டீமும்தான் பண்றாங்க." பரீட்சை ஹாலில் பிட்டோடு மாட்டினவன் சொல்லும் அதே டயலாக். "தண்டனைதான் முடிஞ்சு போச்சே." முடிந்தது. முடிந்ததைத் திரும்பக் கொடுக்கச் சொல்லவில்லை, நடக்கவே இல்லை என்று நடிக்காதே என்கிறேன்.

இது சென்னை வியாதி மட்டும் இல்லை. அமெரிக்கன் ஃபுட்பாலில் 2007-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், எதிரணி கோச்சுகளின் சைகைகளைத் தடை செய்யப்பட்ட இடத்திலிருந்து வீடியோ எடுத்து மாட்டியது. கோச் பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம். அதே சீசனில் லீக் ஆட்டங்கள் 16-லும் அவர்களுக்கே வெற்றி. 2015-ல் பந்தின் காற்றைக் குறைத்ததாக அடுத்த விவகாரம், அவர்களுடைய நட்சத்திரம் டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை. அவர் தடையை அனுபவித்த அதே சீசனின் முடிவில் சூப்பர் பௌலும் அவர்களுக்குத்தான். ஜெயித்துவிட்டால் அபராதம் என்பது வெறும் நுழைவுக் கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கட்டுகிற தைரியம் எங்கிருந்து வருகிறது? ரசிகன் எப்படியும் வருவான் என்ற நம்பிக்கையிலிருந்து.

அதனால்தான் இதை வெறும் விளையாட்டு விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை. எழுதி வைத்த விதி ஒன்றுதான் முதலாளிக்கும் பால் பொறுக்கிப் போடும் பையனுக்கும் பொது. 'ஸ்பிரிட்' அப்படி இல்லை. யார் குரல் பெரிசோ, யாரிடம் மைக் இருக்கிறதோ, அவர்கள் சொல்வதுதான் ஸ்பிரிட். விதியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவனை அவமானப்படுத்தி, விதியை வளைத்தவனைத் தோளில் தூக்கிப் பழகிவிட்டால், நாளைக்கு டெண்டரிலும் தேர்விலும் வேலை நியமனத்திலும் அதையேதான் செய்வோம். ரூல் பேசுகிறவனைப் பார்த்து "இவன் ஒரு இம்சைடா" என்போம். இப்போதே சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்?

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. ஜெயித்த பாகிஸ்தானுக்கு மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் "சென்னை ரசிகன் விஷயம் தெரிஞ்சவன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறோம். அந்தப் பேருக்கு ஒரு விலை இருக்கிறது. அன்றைக்குக் கைதட்டினவர்கள் தங்கள் அணிக்கு எதிராக நின்ற உண்மையையும் உண்மை என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த நேர்மையில் பாதி நமக்கு இருந்தால் போதும். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறோமே, நடுவில் 2016, 2017-ஐயும் சேர்த்து ஒப்பிப்போம். ஏன் அந்த இரண்டு வருடம் காலி என்று தம்பி தங்கைகள் கேட்டால் வனவாசம் என்று சொல்லாமல், நடந்ததைச் சொல்வோம்.

விசில் போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் போங்கு ஆட்டம் ஆடினால், அது நம்ம டீமாகவே இருந்தாலும் போங்குதான்.