மரபு நடை பெரும்பாக்கத்துக்கும் போக வேண்டும்

சென்னையின் வரலாற்றை நடந்து பார்க்க மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் போதும், நகரின் ஓரத்து மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் பார்க்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் படித்தவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. மெட்ராஸ் தினத்தையொட்டி ஆகஸ்ட் மாதம் நடக்கும் மரபு நடைகள் பெரும்பாலும் பழைய தெருக்களையே சுற்றி வருகின்றன. இந்த எண்ணம் தவறு என்பதற்கு அந்தப் பழைய தெருக்களே சாட்சி.

இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் நிலத்தில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746இல் அருகிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். கோட்டை மீண்டும் கைக்கு வந்தபின், எதிரிக்கு மறைவிடம் இருக்கக் கூடாதென்று மிச்சத்தையும் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். சென்னக் கேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் பெயர்ந்தார்கள். கோயில் 1760களில் அங்கே மறுபடி எழுந்தது. அந்தப் பகுதி ஜார்ஜ் டவுன் என்ற பெயரைப் பெற்றது 1911இல்தான். அதாவது, மரபு நடையின் முதல் நிறுத்தமாக நாம் காட்டுவதே அரசாணையால் வீடிழந்தவர்கள் குடியேறிய இடம். கூவம் ஆறு வளைந்தோடும் சிந்தாதிரிப்பேட்டையும் ஆட்சியாளர்களால் வகுக்கப்பட்டதுதான். ஏற்றுமதிக்குத் துணி வேண்டியிருந்ததால், நூற்பவர்களையும் நெய்பவர்களையும் ஓரிடத்தில் வைக்க 1734இல் கிழக்கிந்தியக் கும்பினி திட்டமிட்டு அமைத்த குடியிருப்பு அது.

புதிய குடியிருப்புகளில் கலையழகு இல்லையே என்பார்கள். இருக்கட்டும். நகரம் எப்படி வளர்ந்தது என்பதை அறிய கோபுரமும் தூணும் மட்டும் போதாது. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் வந்தது; மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு என்ற பெயரில் மட்டும் அந்த ஏரி எஞ்சியிருக்கிறது. நீர்நிலையை மனையாக்கும் அந்தப் பழக்கம் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வரை நீண்டது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பைச் சுற்றித்தான் மென்பொருள் நிறுவனங்களும் அடுக்ககங்களும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளும் நிற்கின்றன. அந்தக் குடியிருப்புகளில் ஒன்றான செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்பதற்கு விடை தியாகராய நகரிலிருந்தே தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவருக்கு இந்தத் தொடர்ச்சி பிடிபடாது.

கனமான மறுப்பு ஒன்றுண்டு: ஏழைகளின் வீடுகளைக் காட்சிப் பொருளாக்குவது அவமதிப்பு. இந்தக் கவலை நியாயமானது, அதை நான் லேசாக எண்ணவில்லை. படிக்கட்டில் ஏறி, வாசலில் நின்று படமெடுக்கும் சுற்றுலா வேண்டவே வேண்டாம். ஆனால் அதற்காகப் போகாமலே இருந்துவிட்டால் அங்கே நடந்த கொள்கை மாற்றம் யார் கண்ணிலும் படாது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதற்காலத்தில் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகளைக் கட்டியது. நொச்சிக்குப்பத்து மீனவர்கள் கடலை விட்டு விலகாமல் வீடு பெற்றது அதனால்தான். 2000ஐ ஒட்டிக் கண்ணகி நகர் எழுந்தபின் வாரியத்தின் போக்கு நகரத்தின் ஓரத்தை நோக்கித் திரும்பியது. கூவக் கரையில் இருந்தவர்கள் 20 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் தினமும் நகரத்துக்குத் திரும்பி வருவதில் கழியும் நேரத்தை யார் ஈடுகட்டுவது? நொச்சிக்குப்பத்தையும் பெரும்பாக்கத்தையும் ஒரே நாளில் பார்த்தால் இந்தக் கேள்வி தானாக எழும். பேசும் பொறுப்பை அங்கே வாழ்பவர்களிடம் கொடுத்து, அதற்குரிய ஊதியத்தையும் அவர்களுக்கே தந்தால் அவமதிப்புக்கு இடமிராது.

பழைய கட்டடங்கள் இடிபடும்போது கவனத்தைச் சிதறடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். காக்க வேண்டியவற்றைக் காப்போம், அதில் தகராறில்லை. ஆனால் கட்டடத்துக்காகக் கவலைப்படுகிறவர்கள், அந்தத் தெருவுக்குப் பக்கத்திலிருந்தே அகற்றப்பட்ட மனிதர்களுக்காகவும் கவலைப்படக் கூடாதா? மரபு நடையைச் சிந்தாதிரிப்பேட்டையில் காலையில் தொடங்கி, கூவக் கரையோரம் காலியாகக் கிடக்கும் இடங்களைக் காட்டி, மாநகரப் பேருந்திலேயே பெரும்பாக்கம் வரை கூட்டிப்போகலாம். அந்த வழியை முதலில் ஒரு முறையாவது வகுத்துப் பார்க்க வேண்டும்.