அன்றாட எழுத்துக்கு ஒரு நல்ல மை பேனா போதும்

 

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஹஜ்ரத், பிள்ளை இந்த வருஷம் மை பேனாவுக்கு மாறுறான். எந்தக் கம்பெனி பேனா வாங்கலாம்?" மத்ரஸாவில் காலை முதல் இஷாவுக்குப் பிறகும் எழுத்து வேலைதான் என்பதால் இக்கேள்வி உஸ்தாத்மார்களிடம் வருவதில் வியப்பில்லை. ஆனால் கம்பெனியின் பெயரும் விலையும் கடைசியாகக் கேட்க வேண்டியவை என்பது என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது வேறு: "இந்தப் பேனாவை என் பிள்ளை தன் கையாலேயே கழற்றி, கழுவி, மை நிரப்பிப் பல ஆண்டுகள் பேண முடியுமா?" இதற்கு 'ஆம்' என்ற விடை கிடைக்கும் பேனாவே நம்பகமான பேனா.

நம் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பார்ப்போம். ஒரு பக்கத்தில் மை தீர்ந்தும் தீராமலும் கிடக்கும் ஜெல் பேனாக்கள் பத்துப் பதினைந்து இருக்கும். மறு பக்கத்தில் ஸனது வழங்கும் விழாவிலோ திருமணத்திலோ அன்பளிப்பாக வந்த விலையுயர்ந்த பேனா, வெல்வெட் பெட்டியை விட்டு வெளியே வராமல் கிடக்கும். முன்னது எழுதி முடிக்கும் முன்பே தூக்கி எறியப்படுகிறது. பின்னது எழுதவே படாமல் காக்கப்படுகிறது. இரண்டுமே வீண்விரயம்தான். திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயத்திற்கு 'அல்கலம்', அதாவது எழுதுகோல், என்பதே பெயர். அத்தகைய சிறப்பைப் பெற்ற பொருளை நம் வீடுகளில் குப்பையாகவோ காட்சிப் பொருளாகவோ மட்டும் வைத்திருப்பது பொருத்தமா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

பேனாவிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன?

பத்தாம் நூற்றாண்டில் ஆட்சி செய்த ஃபாத்திமி கலீஃபா அல்முஇஸ், கையையும் உடையையும் கறைப்படுத்தாத, தன்னுள்ளேயே மையைத் தேக்கி வைத்துக்கொள்ளும் பேனா ஒன்றைச் செய்து தருமாறு கேட்டதாக அவருடைய காழியாக இருந்த அந்நுஃமான் பதிவு செய்துள்ளார். வேண்டும்போது எழுத வேண்டும். வேண்டாதபோது ஒழுகக் கூடாது. அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்ற பேனாவும் இதே தேவைக்கான விடைதான். இன்று நாம் கடையில் நின்று எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். நிப்பின் நடுவே ஒரு மெல்லிய கீறல் உண்டு. நிப்புக்கு அடியில் ஒரு கட்டை செருகியிருக்கும்; அதில் நுண்ணிய பள்ளங்கள் ஓடும். அவற்றின் வழியாக மை முனைக்கு இறங்குகிறது. இறங்கிய மையின் இடத்தை நிரப்பக் காற்று அதே வழியில் மேலே செல்கிறது. இந்த இரண்டும் சீராக நடந்தால் பேனா எழுதும். பள்ளத்தில் மை காய்ந்துவிட்டால் எழுதாது. உள்ளே காற்று அதிகமாகி, கைச்சூட்டில் விரிந்தால் மையை வெளியே தள்ளும். பேனாவின் உடலுக்குள் நேரடியாக மை ஊற்றும் வகையில், மை கால்வாசிக்கும் கீழே குறைந்த பிறகு சொட்டுவது இதனால்தான். ஆகவே, அத்தகைய பேனாவில் மை முழுதும் தீரும் வரை காத்திராமல் நிரப்பிவிட வேண்டும். வெள்ளை ஜுப்பாவின் பையில் பேனா செருகுவோர் இதை மறக்கலாகாது. நிப்பு மேல்நோக்கி இருக்குமாறு செருகுவதும் நல்லது.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலாவது, மூடி. மூடிக்குள் நிப்பைச் சுற்றி இறுக்கமாகப் பொருந்தும் உள்மூடி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இரண்டு நாள் விடுமுறைக்குப் பின் பேனா எழுத மறுக்கும். நம் ஊர் வெயிலில் இந்தக் குறை விரைவாகவே வெளிப்படும்.

இரண்டாவது, நிப்பு. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல் நேர்நடுவில் ஓட வேண்டும். இரு பிளவுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு மையில் தோய்த்து, சிறிதும் அழுத்தாமல் எட்டு போன்ற சுழியை எழுதிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் காகிதத்தைக் கீறினால் அந்த நிப்பு வேண்டாம்.

மூன்றாவது, கழற்றும் வசதி. கழுத்தை உடலிலிருந்து கழற்றித் தண்ணீரில் அலச முடிய வேண்டும். கார்ட்ரிட்ஜ் மட்டுமே போடக்கூடிய பேனாவை விட, புட்டியிலிருந்து மை உறிஞ்சும் கன்வெர்ட்டர் பொருத்தத்தக்க பேனா மேலானது. அந்த கன்வெர்ட்டரும் நிப்பும் தனியே விற்கப்படுகின்றனவா என்று கேட்டுவிடுங்கள். ஒரு கம்பெனியின் உதிரி மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

நான்காவது, எடை. பித்தளை உடல் கொண்ட பேனா பெரியவர் கைக்கு இதமாக இருக்கலாம். நான்காம் வகுப்புப் பிள்ளையின் விரல்களுக்கு அது சுமை. பிள்ளையை உடன் அழைத்துச் சென்று, அவர் கையாலேயே எழுதிப் பார்க்கச் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகே பெயருக்கு வர வேண்டும். ஜெர்மனியின் லாமி நிறுவனம் 1980இல் அறிமுகப்படுத்திய சஃபாரி, விரல் சரியாக அமரும் முக்கோணப் பிடியும் எளிதில் மாற்றக்கூடிய நிப்பும் கொண்டது. ஜப்பானின் பிளாட்டினம் பிரெப்பி விலை குறைந்தது. அதன் மூடி மையை நெடுநாள் காயவிடாது. பைலட் மெட்ரோபாலிட்டன் சற்று எடை கூடியது. ஆலிமா வகுப்பு, கல்லூரி மாணவர்களுக்கு ஏற்றது. நம் திருவள்ளூரிலும் ஆந்திரத்தின் ராஜமுந்திரியிலும் எபோனைட் என்னும் கெட்டிப்படுத்திய ரப்பரில் கையால் கடைந்து செய்யும் பேனாக்கள் உண்டு; செய்தவர்களிடமே பழுது பார்க்கவும் முடியும். கேம்லின் போன்ற உள்நாட்டுப் பேனாக்களை எழுதிப் பார்த்துத் தேர்ந்தால், எழுதப் பழகும் பிள்ளைக்கு அவையும் போதுமானவை. பெயர் பெற்ற பேனாக்களுக்குப் போலிகளும் உலவுகின்றன. ஆகவே நம்பிக்கையான கடையில் வாங்குவதே பாதுகாப்பு.

தமிழும் அரபும் எழுதும் கை

நம் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு தேவை உண்டு. அவர்கள் இடமிருந்து வலமாகத் தமிழ் எழுதுகிறார்கள். வலமிருந்து இடமாக அரபு எழுதுகிறார்கள். வலக்கையால் அரபு எழுதும்போது, இப்போதுதான் எழுதிய ஈர எழுத்தின் மீது கை படுகிறது. அதோடு, தமிழ் வரியில் இழுபடும் நிப்பு, அரபு வரியில் பல இடங்களில் தள்ளப்படுகிறது. மிகக் கூரிய நிப்பைத் தள்ளினால் காகிதத்தைக் கிழிக்கும். மிகத் தடித்த நிப்பு மையைக் கொட்டும்; ஜபர், ஜேர், பேஷ் குறிகளும் நுக்தாக்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே 'எஃப்' எனக் குறிக்கப்படும் மெல்லிய நிப்பே நடுவழி. ஜப்பானியப் பேனாவின் 'எஃப்', ஐரோப்பியப் பேனாவின் 'எஃப்' ஐ விட மெல்லியது என்பதை நினைவில் கொள்க. கடையில் ஸீனின் பற்களையும் ஹாவின் கண்களையும் ஒரு வரி எழுதிப் பார்த்தால் உண்மை புலப்படும். அழகெழுத்துக்குரிய சாய்வெட்டுக் கலம் வேறு. அதைக் கொண்டு பாடக் குறிப்பு எழுத முடியாது.

தங்க நிப்பு தேவையா?

விலை ஏறும்போது தங்க நிப்பு வருகிறது. நிப்பின் மேல் 585 என்றிருந்தால் ஆயிரத்தில் 585 பங்கு தங்கம். 750 என்றிருந்தால் 750 பங்கு. ஆனால் காகிதத்தைத் தொடும் முனை தங்கமன்று. தங்கம் மென்மையானது, தேய்ந்துவிடும். அதனால் முனையில் கடினமான வேறொரு உலோகக் கலவையின் சிறு மணியை வைக்கிறார்கள். நல்ல எஃகு நிப்பின் முனையிலும் அத்தகைய மணியே உள்ளது. புளிப்புத் தன்மையுள்ள பழைய மைகள் எஃகை அரித்த காலத்தில் தங்கத்துக்குத் தேவை இருந்தது. இன்றைய துருப்பிடிக்காத எஃகும் இன்றைய சாதாரண மையும் அந்தத் தேவையைப் பெரிதும் போக்கிவிட்டன.

மார்க்க ரீதியாகவும் இதில் கவனம் வேண்டும். தங்க, வெள்ளிப் பாத்திரங்களுக்கான விலக்கைப் பேசுமிடத்தில், தங்கத்தாலான எழுதுகோலையும் மைக்கூட்டையும் ஹனஃபீ ஃபிக்ஹ் நூல்கள் சேர்த்தே பேசுகின்றன. நிப்பு மட்டும் தங்கமாக இருந்தால் என்ன, முலாம் மட்டும் பூசியிருந்தால் என்ன என்ற விவரங்களை அவரவர் மத்ஹபை அறிந்த உலமாக்களிடம் கேட்டுத் தெளியுங்கள். அன்றாட எழுத்துக்கு எஃகு நிப்பே போதும் எனும்போது, ஐயத்திற்கு இடமானதைப் பணம் கொடுத்து வாங்குவானேன்?

மை, ஒளூ, தஃப்தர்

விரலில் மை பட்டால் ஒளூ கூடுமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. தோலில் நிறம் மட்டும் நிற்பது தண்ணீர் தோலைச் சேர்வதைத் தடுக்காது. தண்ணீரைத் தடுக்கும் படலமாகப் படிவதே தடை. பேனா மை சாயம் மட்டுமே என்பதால் கழுவியபின் எஞ்சும் கறை பற்றி வஸ்வாஸ் வேண்டாம்.

ஆனால் வேறோர் இடத்தில் எச்சரிக்கை மிக அவசியம். பள்ளிக்கூட நீல மை தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். அது பிள்ளையின் சட்டைக்கு நல்லது. நிக்காஹ் தஃப்தருக்கு நல்லதன்று. மஹர் தொகையும் வலீ, சாட்சிகளின் கையெழுத்துகளும் ஒரு மழைக்கால ஒழுக்கில் கரைந்துபோனால், பின்னாளில் ஒரு பெண்ணின் உரிமைக்கு ஆதாரம் எங்கே? ஜமாஅத் பதிவேடு, காசோலை, வஸிய்யத் ஆகியவற்றை நீரில் கரையாத நிலையான மையால் எழுதுங்கள். அது இல்லையேல் பால் பாயிண்ட் பேனாவைக் கையில் எடுங்கள். நிலையான மையைப் பேனாவில் பயன்படுத்தினால் அடிக்கடி கழுவ வேண்டும். ஓவியத்திற்கும் அழகெழுத்திற்கும் உரிய இந்தியன் இங்க்கை மட்டும் ஒருபோதும் மை பேனாவில் ஊற்றாதீர்கள். அது உள்ளே உறைந்து பேனாவையே அழித்துவிடும்.

பால் பாயிண்ட் பேனா போதாதா?

இவ்வாறு கேட்போருக்கு நியாயம் உண்டு. கார்பன் தாள் வைத்த ரசீதுக்கும், மை ஊறும் மலிவான தாளுக்கும், அவசரமாக நின்றுகொண்டே எழுதுவதற்கும் அதுவே ஏற்றது. ஆனால் மணிக்கணக்கில் பாடம் எழுதும் கைக்கு அழுத்தம் தேவைப்படாத மை பேனா இளைப்பாறுதல் தரும். சிக்கனம் என்ற வாதத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. ஒரே பேனாவைப் பல ஆண்டுகள் பேணினால்தான் அது சிக்கனம். ஆசைக்காக ஐந்து பேனாக்களை வாங்கி அடுக்குவோருக்கு, ஜெல் பேனாக்களை எறிபவரைக் குறைசொல்லத் தகுதியில்லை.

எனவே என் வேண்டுகோள் இதுதான். பிள்ளைக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள். அதோடு அதைப் பேணும் பொறுப்பையும் ஓர் அமானிதமாக ஒப்படையுங்கள். மாதத்தில் ஒரு நாள், ஜும்ஆவுக்கு முன்பு நகம் வெட்டுவதைப் போல, பேனாவைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் நிறம் போகும் வரை அலசிக் காயவைக்கப் பழக்குங்கள். கொதிநீர் வேண்டாம். ஸனது விழாவில் அன்பளிப்பு வழங்கும் செல்வந்தர்களும், பெட்டியில் உறங்கும் ஒரு ஆடம்பரப் பேனாவின் விலைக்குப் பத்து ஏழை மாணவர்களின் கையில் எழுதும் பேனாவும் ஒரு புட்டி மையும் கொடுக்கலாமே! எழுதி எழுதித் தேய்ந்த நிப்புக்கே அன்பளித்தவரின் பெயரும் நன்மையும் உரியன.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் எழுத்திலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.