பார்த்திபனை வளர்த்தது யார்?

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’ 1950ல் திரைக்கு வந்தது. டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். அன்றும் இன்றும் ஒரே தீர்ப்புத்தான்: பார்த்திபன் பிறவிக் கொடியவன், மலையிலிருந்து உருண்டு செத்தது சரி!

தோழர்களே, இந்தத் தீர்ப்பு போதாது. பார்த்திபன் கொடியவனாகப் பிறக்கவில்லை. கொடியவனாக வளர்க்கப்பட்டான்.

கதையைப் பாருங்கள். எஸ்.ஏ. நடராஜன் நடித்த பார்த்திபன் ராஜகுருவின் மகன். எம்.என். நம்பியார் நடித்த அந்த ராஜகுரு, மன்னனையே ஆட்டிவைப்பவன். தன் மகன் தளபதியாக வேண்டும் என்பது அவன் ஆசை. பதவியோ எம்.ஜி.ஆர். நடித்த வீரமோகனுக்குப் போகிறது. கிடைக்காத பதவிக்குப் பதில் மகன் இரவில் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாகிறான். கொள்ளையடிப்பதைக் கலை என்றே வாதாடுகிறான்! பிடிபட்டதும் ஒழிந்தானா? இல்லை. விசாரணை அம்மன் சந்நிதிக்குப் போகிறது. காதலில் கண் மறைந்த மந்திரி மகள் அமுதவல்லி, சிலைக்குப் பின்னால் நின்று அவன் குற்றமற்றவன் என்று குரல் கொடுக்கிறாள். தெய்வ வாக்கை யார் எதிர்த்துக் கேட்பது? கள்வன் விடுதலை; அவனைப் பிடித்த வீரமோகனுக்கு நாடு கடத்தல்!

தப்பிய ஒவ்வொரு தடவையும் அவன் பசி வளர்கிறது. முதலில் பதவி, பிறகு ஊரார் சொத்து, அதன் பிறகு அப்பனும் மகனுமாகச் சிம்மாசனத்துக்கே குறி. உயிர் கொடுத்துக் காப்பாற்றிய மனைவி குறுக்கே நின்றபோது, அவளையே மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிவிட.

இந்தக் கதைக்கு மூலம் குண்டலகேசி. அந்தப் பழங்கதையில் அவன் மரண தண்டனை பெற்ற வெறும் கள்வன். படம் அந்தக் கள்வனை அரண்மனைக்குள் கொண்டுவந்து, பின்னால் ஒரு ராஜகுருவையும் நிறுத்தியது. இதுதான் படத்தின் பலம். கொள்ளைக்காரன் காட்டில் இல்லை, அதிகாரத்தின் மடியில் இருக்கிறான் என்று பாமரனுக்கும் புரிய வைத்தது.

ஆனால் முடிவில் என்ன நடக்கிறது? மகன் மலையிலிருந்து விழுகிறான், ராஜகுரு அகப்படுகிறான், மன்னன் மன்னனாகவே இருக்கிறான். கெட்டவன் போனான், நாடு நலம் பெற்றது என்று நாம் வீடு திரும்புகிறோம்.

அதே 1950ல், அதே சேலத்தில், திரைக்கு வெளியே நடந்ததையும் நினையுங்கள். பிப்ரவரி 11. குடியரசு பிறந்து 16 நாள். சேலம் மத்திய சிறையில், அரசியல் கைதிகளுக்குரிய மரியாதையைக் கேட்ட கம்யூனிஸ்டுகள் மீது துப்பாக்கிச் சூடு. 22 தோழர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் மலபாரின் விவசாயப் போராளிகள். சுட்டவர்கள் முகமூடி அணிந்த கொள்ளையரா? அரசாங்கச் சீருடை அணிந்தவர்கள். சுடச் சொன்னவர்கள் கோரைப் பல் முளைத்த அரக்கர்களா? மேஜை முன் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்கள். கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரத்துக்கு வில்லன் வேஷம் தேவையில்லை!

அப்படியானால் அதிகாரமே பாவமா? அப்படிச் சொல்லி நம்மை ஒதுங்கி நிற்கச் சொல்பவர்கள் உண்டு. அவர்களை நம்பாதீர்கள். நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவனுக்கும், மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்குபவளுக்கும் அதிகாரம் வேண்டும். கூலியைப் பேசி முடிவு செய்யும் அதிகாரம். மேஸ்திரியிடம் கணக்குக் கேட்கும் அதிகாரம். முடிவில் நாட்டை ஆளும் அதிகாரம். பார்த்திபன் தனக்காகக் கேட்டான். நாம் எல்லோருக்குமாகக் கேட்கிறோம். அவனுடையது இருட்டில் நடந்தது. நம்முடையது பொதுக்கூட்டத்தில், கை உயர்த்தி நடக்க வேண்டும்.

இந்த விதி நமக்கும் பொருந்தும். சங்கத்தின் வரவு செலவை உறுப்பினர் முன் வைக்கத் தயங்கும் தலைவன், எந்தக் கொடி பிடித்தாலும், ராஜகுருவின் வீட்டு வாசலில் நிற்கிறான். அவனை எழுந்து நின்று கேளுங்கள். சிலைக்குப் பின்னாலிருந்து எந்தக் குரல் வந்தாலும், பின்னால் போய் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

மலை உச்சிவரை போக விட்ட பிறகு தள்ளுவது படத்துக்குச் சரி. முதல் படியிலேயே மறிப்பதுதான் தொழிலாளியின் வேலை!