பாக்கிப் பணம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளவையும் சுற்றிச் சோளக்காட்டில் இறங்குகிறவனுக்குத் தலை நிற்க ஒரு டீ வேண்டும். நான் ஒதுங்கிய கடையில் தொலைக்காட்சியில் கபடி ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் தலைவாஸ் ஆட்டம். பக்கத்திலிருந்த மிளகு வியாபாரி என்னைச் சாட்சிக்கு அழைப்பதுபோல் திரும்பினார். "முட்டி போன மாட்டை யாருங்க அய்யா கோடி கொடுத்து வாங்குவாங்க? பைத்தியக்காரத்தனம்!"

டீ ஆற்றிக்கொண்டிருந்த பையன், "அவரு மாடுங்களா?" என்று முனகினான். வியாபாரியின் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

வியாபாரி சொன்னதை அற்பமென்று தள்ளிவிட முடியாது. விளையாட்டு தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்களும் அதையேதான் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்கள். பாடிப்போகிறவன், அதாவது இப்போது ரைடர் என்கிறார்களே, அவன் சீக்கிரம் தேய்ந்துபோகிறவன். ஒரு ரைடுக்கு 30 விநாடி. எதிரே ஏழு பேர். ஒருவன் கணுக்காலைப் பிடிப்பான், ஒருவன் தொடையைக் கட்டுவான், மற்றவர்கள் மேலே விழுவார்கள். அந்த முழங்கால் எத்தனை வருஷம் தாங்கும்? ஆகவே இளசாக வாங்கு, மலிவாக வாங்கு, ஓடுகிற வரைக்கும் ஓட்டு. பெயர் எடுத்துப் பெரிய விலை கேட்கிறானா, விட்டுவிடு. இதுதான் அவர்கள் சித்தாந்தம்.

சாட்சிகளும் அவர்கள் பக்கம் பலமாகத்தான் இருக்கின்றன. மறைப்பானேன்? 2019-இல் ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்த தமிழ் தலைவாஸ் கடைசி இடத்தில் நின்றது. பாட்னாவுக்கு வரிசையாக மூன்று கோப்பைகள் வாங்கிக் கொடுத்த பர்தீப் நர்வாலை 2021-இல் உத்தரப் பிரதேச அணி 1.65 கோடிக்கு எடுத்தது. அவரை விட்டுவிட்ட பாட்னாவோ அந்தப் பருவத்தில் இறுதியாட்டத்துக்கே போயிற்று. 2022-இல் தலைவாஸ் பவன் ஷெராவத்துக்கு 2.26 கோடி கொடுத்தது. ஓர் அணி செலவழிக்க அனுமதித்த மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் அது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போயிற்று. பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். அந்த வருஷம்தான் தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதி பார்த்தது! பாடிப்போய்ப் புள்ளிகளைக் குவித்தவர் நரேந்தர் என்ற புதுமுகம்.

எதிர்க் கட்சிக்கு நானே வக்கீலாகிவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். அந்த நரேந்தரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

'புதிய இளம் வீரர்' என்று புரோ கபடியில் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அதில் வருகிறவன் ஏலத்துக்கு வரமாட்டான். சிறிய சம்பளத்தில் அவனைச் சில பருவங்களுக்கு அணி தன்னிடமே கட்டிவைத்துக்கொள்ளலாம். அவன் 200 புள்ளிக்கு மேல் எடுத்தாலும் விலை கூறப் பக்கத்து அணிக்காரனுக்கு உரிமையில்லை. இரண்டு கோடிக்காரர் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பையன் செய்தான் என்று நாம் கைதட்டினோம். வித்தியாசப் பணம் யார் பையில் தங்கியது என்று எவரும் கேட்கவில்லை.

வியாபாரியிடம் பேச்சை மிளகுக்குத் திருப்பினேன். குஷியாகவே சொன்னார். அறுப்புக்கு முன்பே முன்பணம் கொடுத்துக் கொடியிலேயே விலை பேசிவிடுவாராம். பிறகு சந்தையில் விலை ஏறினால் ஏறியது அவருக்கு. மறு வருஷம் கொடிக்காரன் அதிகம் கேட்டால்? "கொடி கிழடாயிடுச்சுன்னு சொல்லிட வேண்டியதுதானுங்க!" என்று சிரித்தார். இதைவிடத் தெளிவாக எந்தக் கபடி நிபுணரும் தன் சித்தாந்தத்தை விளக்கியதில்லை.

இளமையில் "நீ இன்னும் நிரூபிக்கவில்லை" என்று பிடித்துவைப்பது. நிரூபித்துவிட்டு வந்து நின்றால் "நீ தேய்ந்துவிட்டாய்" என்பது. அப்படியானால் அவனுக்கு விலை உள்ள நாள் எது? பவன் 2018 முதல் மூன்று பருவங்கள் வரிசையாக லீக்கிலேயே அதிக ரைடு புள்ளிகள் எடுத்தவர், மூன்றும் பெங்களூருக்காக. இரண்டு கோடி என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அது வரப்போகும் ஆட்டத்துக்கு விலையல்ல, ஆடி முடித்த ஆட்டத்துக்குப் பாக்கி. பாக்கியைக் கொடுக்கும்போது, இவனுடைய முழங்கால் இனித் தாங்குமா என்று யாராவது விசாரிப்பார்களா?

அமெரிக்காவிலும் இதே வழக்கு நடக்கிறது. அவர்கள் கால்பந்து என்று ஒன்று ஆடுகிறார்கள். காலுக்கும் பந்துக்கும் அதில் அதிகச் சம்பந்தமில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மனிதச் சுவருக்குள் பாய்கிற 'ரன்னிங் பேக்' அங்கே நம் ரைடருக்குச் சகோதரன். புதுமுகத்தின் முதல் நான்கு வருஷச் சம்பளம் 2011 முதல் அட்டவணைப்படிதான். அப்படி ஆடிக் களைத்த சாக்வான் பார்க்லியைப் பழைய அணி 2024-இல் போகவிட்டது. ஃபிலடெல்ஃபியா பெரிய விலை கொடுத்தது. அவர் அந்த ஒரே பருவத்தில் 2,005 கஜம் ஓடினார், கோப்பையும் வந்தது. இதைக் காட்டி நான் ஜெயித்ததாகச் சொல்ல மாட்டேன். டாட் கர்லிக்கு 2018-இல் அள்ளிக் கொடுத்த அணி 2020-இல் அவரை வெளியே அனுப்பிற்று. லாபக் கணக்கில் இது சூதாட்டமே. என் வழக்கு லாபத்தைப் பற்றியதல்ல.

ஒரு கேள்வி மட்டும் என்னை உறுத்துகிறது. கடன்பட்டது ஓர் அணி. பாக்கியைத் தீர்ப்பது இன்னோர் அணி. பெங்களூர் அனுபவித்ததற்குச் சென்னை ஏன் அழவேண்டும்? 2023-இல் அதே பவனுக்கு 2.605 கோடி கொடுத்துக் கடைசி இடத்தில் நின்ற தெலுங்கு டைட்டன்ஸ் ஏன் அழவேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் விதியை எழுதியது லீக். அதன் கீழ் எல்லா அணிகளும் மலிவுப் பையன்களை வைத்து ஆடுகின்றன. ஒருவருக்கு மாற்றி ஒருவர் எல்லோருமே வாங்கிய கடன் இது.

2025-இல் பவனைத் தலைவாஸ் மறுபடி எடுத்தபோது விலை 59.5 லட்சம். (பருவம் முடியுமுன்பே அவரை அனுப்பிவிட்டார்கள், அது வேறு தகராறு.) அதே ஏலத்தில், 1,800-க்கு மேல் ரைடு புள்ளிகள் எடுத்த பர்தீப் நர்வாலை வாங்க ஆளில்லை. 28 வயதில் ஓய்வு பெற்றார்.

பெரிய விலை கொடுக்க மனமில்லையா? கொடுக்க வேண்டாம். புதுமுகத்தைக் கட்டிவைக்கும் விதியை எடுத்துவிடுங்கள். ஒரு பருவம் ஆடட்டும். மறு பருவம் அவனையும் ஏலத்தில் நிறுத்துங்கள். 20 வயதுக் காலுக்கு 20 வயதிலேயே கூலி கிடைத்துவிட்டால், 27 வயதில் வந்து அவன் ஏன் கோடி கேட்கப்போகிறான்?