பதினோராம் வயதுப் பரீட்சை

சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, உவர்மலையிலுள்ள என் வீட்டுக்குப் பழைய மாணவர் ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்திருந்தார். அவர் துறைமுகத்தில் அலுவல் பார்ப்பவர். மனைவி தாதி. தென் இலண்டனை அடுத்த மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்து, மே மாதத்தில் புறப்பட இருந்தார். மகளுக்கு அந்த மே மாதத்தில்தான் பத்து வயது நிறைகிறது. படிப்பது ஐந்தாந் தரம்.

விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்தியபின் அவர் தம் எண்ணத்தைக் கூறினார். "சேர், இவ முதல்ல போகட்டும். பிள்ளை ஓகஸ்டில புலமைப்பரிசில் சோதினையை எழுதி முடிக்கட்டும். பிறகு ஆறுதலா மார்கழியில நாங்கள் போகலாம் எண்டு இருக்கிறம். அங்க நல்ல கிராமர் பாடசாலை ஒண்டில பிள்ளையைச் சேர்க்க வேணும்."

நியாயமான திட்டமென்றே எவரும் கூறுவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னராயின் நானும் அவ்வாறே கூறியிருப்பேன், கூறியும் இருக்கிறேன். அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அவருக்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

இங்கே சனவரி 31ஆந் திகதியளவில் ஐந்து வயது நிறைந்த பிள்ளை முதலாந் தரத்திற் சேர்கிறது. இங்கிலாந்திலோ, செப்டெம்பர் 1 தொடக்கம் மறு ஆண்டு ஓகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளைகள் ஒரே வகுப்பினர். அவர்கள் ஆறாம் வகுப்புத் தொடங்கும் செப்டெம்பர் மாதத்திலேயே கிராமர் பாடசாலைகளின் நுழைவுப் பரீட்சை, அதாவது 'லெவன் பிளஸ்', பெரும்பாலும் நடந்து முடிகிறது. ஆகவே, பெப்ரவரிக்கும் ஓகஸ்டுக்கும் இடையிற் பிறந்த நம்மூர்ப் பிள்ளைக்கு, இங்குள்ள புலமைப்பரிசிலும் அங்குள்ள பரீட்சையும் ஒரே ஆண்டில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில் வந்து நிற்கின்றன. செப்டெம்பருக்கும் சனவரிக்கும் இடையிற் பிறந்த பிள்ளைக்கு மட்டும் ஓராண்டு கால அவகாசம் உண்டு. இவருடைய மகள் மே மாதத்தவள். மார்கழியிற் போனால், வாயில் மூடி மூன்று மாதமாகியிருக்கும்.

மற்றொன்று. புலமைப்பரிசிலுக்குப் பிள்ளையின் பெயரைப் பாடசாலையே அனுப்பிவிடுகிறது. அங்கோ பெரும்பாலான இடங்களிற் பெற்றோரே முன்வந்து பதிவு செய்தல் வேண்டும். பக்கிங்காம் மாவட்டம் போன்ற சில பகுதிகளில் மட்டும், அங்குள்ள அரசாங்க ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் தாமாகவே சேர்க்கப்படுகின்றனர். பதிவு கோடை விடுமுறைக்கு முன்னரே முடிந்துவிடுவதுண்டு. பரீட்சை முடிவு வந்தபின், ஒக்டோபர் 31க்குள் விரும்பும் பாடசாலைகளை வரிசைப்படுத்தி உள்ளூராட்சி மன்றத்துக்கு வேறொரு விண்ணப்பமும் அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாரும் இடம் இழந்தார். எந்தப் பாடசாலையில் இடமென்பது மார்ச் 1ஆந் திகதி தெரியவரும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். என் பெரியம்மாவின் மகள், என்னிலும் மூத்தவர், மணமுடித்து டென்மார்க்குக்குச் சென்றவர். 1983க்குப் பின் ஐரோப்பிய நாடுகளிற் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்ற நம்மவர் பலர், பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியை எண்ணியும், உறவினரும் கோயில்களும் நிறைந்த சூழலை நாடியும், மீண்டும் மூட்டை கட்டி இலண்டனுக்குப் பெயர்ந்தனர். 2020ஆம் ஆண்டின் முடிவோடு அந்தத் தடையற்ற வழி அடைபட்டது. அக்காவின் குடும்பம் புறப்பட எண்ணியது 2013இல். பையனுக்கு அப்போது பத்து வயது. ஆசிரியத் தொழிலிற் புதிதாய்ப் புகுந்திருந்த என்னிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டார். "அவசரப்படாதேங்கோ அக்கா, இலையுதிர்கால விடுமுறை வரைக்கும் அங்கேயே படிக்கட்டும்" என்றேன். பிள்ளையின் படிப்பு இடையில் முறியலாகாது என்பதைத் தவிர வேறெதுவும் நான் அறிந்திருக்கவில்லை. ஒக்டோபர் கடைசியில் அவர்கள் இலண்டன் சேர்ந்தபோது, அப்பகுதியிற் பரீட்சை முடிந்து முடிவுகளும் வந்துவிட்டன. புதிதாய் வந்தோர்க்குத் தாமதப் பரீட்சை வைக்கும் பகுதிகளும் உள; ஆயினும் இடம் நிரம்பிய பாடசாலையில் அதனால் வரும் பயன் சிறிதே.

அக்கா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொண்டதில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

உரிய காலத்தில் அவன் போயிருந்தாலும் வென்றிருப்பானோ என்பது வேறு கேள்வி. டென்மார்க்கில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குப் புள்ளியே இடுவதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வினாத்தாளுக்கு விடை எழுதியறியாத சிறுவன் அவன். அங்குள்ள பரீட்சையில் ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றோடு சொற்களைக் கொண்டும் உருவங்களைக் கொண்டும் அறிவை அளக்கும் வினாக்கள் வரும். எவை வரும் என்பது பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். நம் பிள்ளைகள் கணிதத்திலும் உருவ வினாக்களிலும் சோர்வதில்லை. புலமைப்பரிசிலுக்குப் பழகிய கை அது. இடறுவது சொல்லில். இங்கு தாய்மொழியில் எழுதும் பிள்ளை, அங்கு ஆங்கிலக் கதைப்புத்தகங்களிலே வளர்ந்த பிள்ளையோடு ஒரே தாளில் மோத வேண்டியிருக்கிறது. வயதிற் சில மாதம் இளையவர்க்குப் புள்ளியைச் சீர்செய்வார்கள். மொழிக்கு அத்தகைய சலுகை கிடையாது.

"அப்ப எந்த ஊரில வீடு எடுக்கிறது, சேர்?" என்று மனைவி கேட்டார். நல்ல கேள்வி. இங்கிலாந்து முழுவதிலும் எஞ்சியுள்ள கிராமர் பாடசாலைகள் 163. ஸ்கொத்லாந்திலும் வேல்ஸிலும் ஒன்றேனும் இல்லை. கென்ற், லிங்கன்சயர் போன்ற மாவட்டங்களில் அவை மிகுதி. இலண்டனின் வெளி வட்டத்தில் சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், ரெட்பிரிட்ஜ் முதலிய சில பகுதிகளிலேயே உள. நம்மவர் நிறைந்து வாழும் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் இல்லை. பார்னெட்டில் 1573இல் தொடங்கிய எலிசபெத் அரசி பாடசாலை, பிள்ளையின் வீடு எவ்வளவு தொலைவு என்று பாராமற் புள்ளி வரிசையைப் பார்ப்பது. வேறு பல பாடசாலைகளோ அண்டை அயலார்க்கே முதலிடம் தருவன. வெட்டுப்புள்ளியை எட்டியும் இடங்கிடையாதோர் பலர். பரீட்சைக்காக மட்டும் அருகில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து முகவரி காட்டுவோரும் உளர். அது கண்டறியப்பட்டால் கொடுத்த இடத்தையே பறித்துவிடுவார்கள். அந்த வழியை நாடவே வேண்டாமென்று அழுத்திச் சொன்னேன். படையினரின் பிள்ளைகளுக்கு மட்டும், குடும்பம் நாடு திரும்பு முன்னரே, மாற்றற் கடிதத்தைக் கொண்டு முகவரியை ஏற்கும் விதியொன்று அங்கே உண்டு. 1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த ஊரினராகிய நமக்கு இது பெரிய வியப்பன்று.

இத்தனை பாடும் எதற்காக? 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்பின் பதினோரு வயதிற் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டில்தான் இங்கு கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1965இல் அங்குள்ள அரசாங்கம், அனைவரையும் சேர்க்கும் பொதுப் பாடசாலைகளுக்கு மாறும்படி உள்ளூராட்சி மன்றங்களைக் கேட்டுக்கொண்டது; பெரும்பாலானவை மாறின. இன்று இங்கிலாந்தின் அரசாங்க இடைநிலை மாணவருள் ஏறக்குறைய நூற்றுக்கு ஐவரே கிராமர் பாடசாலையிற் பயில்கின்றனர். எஞ்சிய தொண்ணூற்றைவரும் வீணாய்ப் போகவில்லை. அக்காவின் மகன் வீட்டுக்கு அண்மையிலிருந்த பொதுப் பாடசாலையிற் படித்தான். நம் சாதாரண தரத்துக்கு ஒப்பான பரீட்சையை 2019இல் எழுதி, அந்தப் பெறுபேற்றைக் கொண்டு ஒரு கிராமர் பாடசாலையின் மேல்வகுப்பிலேயே சேர்ந்தான். பதினாறு வயதில் திறக்கும் அந்த இரண்டாம் வாயிலைப் பற்றி நம்மவரிடையே பேச்சே எழுவதில்லை.

இவ்வளவையும் கேட்ட தகப்பனார், "அப்ப இரண்டையும் எழுதட்டும், சேர். ஓகஸ்டில இங்க, செப்டெம்பரில அங்க" என்றார். அதை நான் ஒப்பவில்லை. ஐந்து வாரத்தில் இரு மொழிகளில் இரு பரீட்சை, நடுவிலே விமானப் பயணம், புதிய வீடு, புதிய குளிர். பத்து வயதுப் பிள்ளை தாங்குமா? ஒன்றை விடுங்கள், எதை விடுவதென்று பிள்ளையையும் கேளுங்கள் என்றேன். அதுவரை தூணோரத்தில் நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, "என்ர கூட்டாளிகள் எல்லாரும் எழுதுகினம்" என்றது. வேறொன்றும் சொல்லவில்லை.

தாய் மே மாதத்திற் போய், வீடு எடுத்து, யூன் மாதத்திற் பரீட்சைக்குப் பதிவும் செய்துவிட்டார். தகப்பனும் மகளும் யூலை நடுப்பகுதியிற் புறப்பட்டனர். புலமைப்பரிசிலை விடுவதென்பது பெற்றோரின் முடிவு. பிள்ளை ஒப்பியதா, பணிந்ததா என்பதை நான் கேட்கவில்லை. போவதற்கு முதல்நாள் விடைபெற வந்தபோது, அதன் கையிற் கடந்தகால வினாத்தாள்கள் அடங்கிய தடித்த கட்டொன்று இருந்தது. அடுத்த வளவில் நாலாந் தரம் படிக்கும் பையனுக்காம். பென்சிலால் எழுதிய விடைகளையெல்லாம் இரண்டு நாளாய் இருந்து அழித்திருக்கிறாள்.