இர்விங் டைரி – 17: படகுக்குக் காது குத்தின கதை

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. செமஸ்டர் முடிஞ்சாச்சு, ஊருக்கும் போகலை, அப்புறம் என்னடா வெட்டி முறிக்கிறேன்னு கேட்கிற நல்ல உள்ளங்களுக்கு: ஒரு படகுக்குக் காது குத்திக்கிட்டு இருந்தேன். நெசமாத்தான் மக்கா. முதல்ல தப்பான இடத்துல குத்தி, ரத்தம் பார்த்து, அப்புறம் சரியான இடத்துல குத்தி... இருங்க, முழுசாவே சொல்லிடறேன்.

அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். (தெரியாதவங்க பழைய டைரியெல்லாம் படிங்க, இலவசம்தான் :-)) பாளையங்கோட்டைக்காரர், எங்க அபார்ட்மென்டுக்கு எதிர்த்த பில்டிங். மார்ச் மாசம் ஒரு ரிட்டயர்டு தாத்தாகிட்ட இருந்து 17 அடி அலுமினியப் படகு ஒண்ணை டிரெய்லரோட வாங்கிட்டார். "நீ ராமேஸ்வரத்துக்காரம்லா, உனக்குத் தெரியாததா?"ன்னு என்னைக் கூப்பிட்டார். எங்கப்பா விசைப்படகு டிரைவர். நான் கடலுக்குப் போனது மொத்தமே நாலு தடவை, நாலு தடவையும் வாந்தி. அதைச் சொல்ல கௌரவம் இடம் கொடுக்கலை. ஹிஹி.

படகோட ஒரு டெப்த் ஃபைண்டரும் வந்துச்சு. தெரியாதவங்களுக்காக: ஸ்கிரீன் முன்னாடி இருக்கும். தண்ணிக்குள்ள முக்குற சின்னக் கட்டிக்குப் பேரு டிரான்ஸ்டியூசர். உள்ள ஒரு பீசோ செராமிக் வில்லை. கரண்ட் கொடுத்தா அதிர்ந்து சத்தம் போடும், எதிரொலி திரும்பி வந்து மோதினா கரண்டா மாத்திக் கொடுக்கும். வாயும் அதுதான், காதும் அதுதான். எங்களுது 200 கிலோஹெர்ட்ஸ், மனுஷக் காதுக்கு எட்டாது. தண்ணியில சத்தம் செகண்டுக்குக் கிட்டத்தட்ட 1480 மீட்டர் ஓடும். முப்பதடி ஆழம்னா போய்த் திரும்ப சுமார் 12 மில்லி செகண்ட். அந்த நேரத்தை வெச்சுத்தான் ஆழம் கணக்காகுது.

இதை எங்க மாட்டறது? படகோட பின்பலகையில மோட்டாருக்கு இடது பக்கம், ஆறு இன்ச் தள்ளி, பழைய ஓட்டை ரெண்டு இருந்துச்சு. புது ஓட்டை போட பயம், சோம்பேறித்தனம் அதைவிட அதிகம். அந்த ஓட்டையிலயே முடுக்கிட்டேன். கரையோரமா மெதுவா ஓட்டிப் பார்த்தோம். 11 அடி, 12 அடின்னு சமத்தாச் சொல்லுச்சு. "பொறியாளன்டா!"ன்னு அண்ணாச்சி முதுகுல தட்டினார்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. லூயிஸ்வில் ஏரி, இர்விங்ல இருந்து 35ஈ பிடிச்சு வடக்கே போனா அரை மணி நேரம். மதினி, பெரியவன், ஆறு வயசு பாப்பா, அண்ணாச்சி, நான். இந்த ஏரியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இது அணை கட்டித் தேக்கின தண்ணி. 1927-ல் முடிச்ச கார்ஸா அணை ஒண்ணு முதல்ல இருந்துச்சு. அப்புறம் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1948-ல் ஆரம்பிச்சு 1955-ல் லூயிஸ்வில் அணையை முடிச்சாங்க. 1957-ல் பழைய அணையை உடைச்சு ரெண்டு தண்ணியையும் ஒண்ணாக்கினாங்க. அதனால இது ஏரிக்குள்ள முழுகின இன்னொரு ஏரி. அதிகபட்சம் 67 அடி ஆழம்னாலும், ஓரமா ஒதுங்கினா அடியில என்ன இருக்குன்னு மேலேர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது.

அண்ணாச்சி வேகம் பிடிச்சார். "ஏலே, எவ்ளோ காட்டுது?"

"14 அடி அண்ணாச்சி, போங்க."

போனார். ஒரு நிமிஷம் கழிச்சுத் திரும்பக் கேட்டார். "14 தான், போங்க." அந்த 14 கண் சிமிட்டிக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன். ஸ்கிரீன் பழசு, அதான் சிமிட்டுதுன்னு நினைச்சேன்.

டமால். தண்ணிக்கடியில மரக்கட்டை. மோட்டார் எகிறி, படகு தூக்கிப் போட்டு, பாப்பா முன் சீட்டு விளிம்புல போய் மோதினா. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால தண்ணியில விழுந்திருந்தாலும் மிதந்திருப்பா, ஆனா உதடு கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். மூணு தையல். புரொப்பல்லர் இறக்கை ஒண்ணு மடங்கிப் போச்சு. மதினி என்னை ஒரு வார்த்தை சொல்லலை. ஆஸ்பத்திரியில காத்திருந்த நேரத்துல எனக்கும் ஒரு காபி வாங்கிக் கொடுத்தாங்க. அதைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே...

ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். ஊர்ல காலை எட்டு. தடைக்காலம், ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பா வீட்லதான் இருந்தார். முழுசாக் கேட்டுட்டு முதல் கேள்வி, "புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" ரெண்டாவது கேள்வி, "எங்கடா மாட்டின?"

"மோட்டாருக்குப் பக்கத்துலப்பா."

"விசிறிக்குப் பக்கத்துலயா? கல்யாண வீட்டுல மேளக்காரர் மடியில உட்கார்ந்துக்கிட்டு போன் பேசுவியா நீ?"

அப்பதான் உறைச்சுது. விசிறி சுத்துற இடத்துல நுரை. நுரைன்னா காத்து. சத்தம் காத்துக்குமிழியில பட்டா அங்கயே சிதறித் திரும்பிடும், தரைக்குப் போய்ச் சேராது. மெதுவாப் போனா நுரை கிடையாது, அதனால மீட்டர் ஒழுங்காப் பேசுச்சு. வேகம் எடுத்ததும் காது அடைச்சுப் போச்சு. எங்க மீட்டர் தரையைத் தொலைச்சா கடைசியாக் கேட்ட நம்பரை வெச்சுக்கிட்டு கண் சிமிட்டும். ஆக, 14 அடிங்கிறது ஒரு நிமிஷத்துக்கு முந்தின தண்ணி. நாங்க படகுக்குக் காது குத்தினோம்னு நினைச்சோம், அது எங்களுக்குக் காது குத்திடுச்சு.

அப்பா சொன்னார், "எங்கப்பா காலத்துல கயித்துல ஈயக்குண்டு கட்டி இறக்கி, பாகம் பாகமா அளப்பாங்க. தரை தட்டலைன்னா கைக்குத் தெரியும். உன் மீட்டருக்குக் கை இல்லை. அது சொல்றதைப் பார்க்கிற நீதான் கை." (பாகம்னா ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம், சுமாரா ஆறடி.)

சரி, எங்க மாட்டலாம்னு கேட்டேன். அவங்க மரப்படகுல அடியில ஏராவை ஒட்டி, விசிறிக்கு ரொம்ப முன்னாடி வைப்பாங்களாம். எங்க படகு வேகம் எடுத்தா முன்பாதி தண்ணியை விட்டே எழும்பிடும்னு சொன்னேன். "அப்ப அங்க வெச்சா மீட்டர் வானத்தைத்தான் அளக்கும்"னு சிரிச்சார். "அமரத்துலயே வை. ஆனா தண்ணி எங்க சத்தமில்லாம உரசிட்டுப் போகுதோ அங்க வை. துளை போடுறதுக்கு முன்னாடி தண்ணியைப் பாரு." (அமரம்னா படகோட பின்பக்கம்.)

புது புரொப்பல்லர் வாங்கி மாட்டிட்டு அதையேதான் செஞ்சோம். யாருக்காவது உதவும்னு வரிசையாப் போடறேன்:

1. முதல்ல டிரான்ஸ்டியூசர் இல்லாம ஓட்டினோம். அண்ணாச்சி ஸ்டியரிங், நான் பின்னாடி உட்கார்ந்து பின்பலகையை விட்டு வெளியேறுற தண்ணியைப் பார்த்தேன். சில இடத்துல வெள்ளை வெள்ளையா நுரைக்கோடு. சில இடத்துல கண்ணாடி மாதிரி தண்ணி. கண்ணாடி இடத்தை ஸ்கெட்ச் பேனாவால குறிச்சுக்கிட்டேன்.

2. நுரைக்கோட்டைப் பிடிச்சு முன்னாடி போனா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு: அடித்தகட்டுல ரிவெட் வரிசை, நீளவாட்டு மடிப்பு. அதுக்கு நேர் பின்னாடி மாட்டவே கூடாது.

3. பின்னாடி நின்னு பார்த்தா எங்க புரொப்பல்லர் கடிகார முள் சுத்துற திசையில சுத்துது. அப்படின்னா வலது பக்கம் இறக்கை கீழ்நோக்கி இறங்கும், அந்தப் பக்கம் தண்ணி சுத்தமா இருக்கும். எதிர்த்திசைன்னா இடது பக்கம். புரொப்பல்லர்ல இருந்து குறைஞ்சது 15 இன்ச் தள்ளி.

4. உயரம்: படகோட அடிமட்டத்துக்குக் கீழே ஃபைபர் படகுக்கு 3 மில்லிமீட்டர், அலுமினியத்துக்கு 10 மில்லிமீட்டர் கிட்ட இறங்கணும். ரொம்ப இறங்கினா தண்ணியைப் பீய்ச்சி அடிக்கும், கட்டையிலயும் மாட்டும். படகு தண்ணியில நிக்கும்போது கட்டியோட முகம் நேரா தரையைப் பார்க்கணும்.

5. டிரெய்லர்ல ஏத்தும்போது தாங்குகட்டை இடிக்காத இடமான்னு பாருங்க. நாங்க முதல்ல குறிச்ச இடம் இதுலதான் அடிபட்டுப் போச்சு. ரெண்டு இன்ச் நகர்த்தினோம்.

6. நேராப் படகுல துளை போடாம, தடிமனான பிளாஸ்டிக் பலகை ஒண்ணைப் பின்பலகையில ஒட்டி, அதுல திருகினோம். நாளைக்கு இடம் மாத்தணும்னா படகு சல்லடையாகாது. பழைய ரெண்டு ஓட்டையை மரைன் சீலன்ட் வெச்சு அடைச்சாச்சு. கேபிளை மோட்டார் வயரோட சேர்த்துக் கட்டாதீங்க. மிச்சத்தை வெட்டாம சுருட்டி வைங்க.

"துளையே போடாம உள்பக்கமா எபாக்ஸி வெச்சு ஒட்டலாமே?"ன்னு கேட்பீங்க. கெட்டியான ஃபைபர் படகுல ஒட்டலாம். தகட்டுக்கு நடுவுல நுரைப் பொருளோ மரமோ இருந்தா சத்தம் வெளியே போகாது. அலுமினியப் படகுக்கும் அந்த வழி சரிப்படாது.

மே மூணாவது ஞாயித்துக்கிழமை அதே இடத்துக்குப் போனோம், அண்ணாச்சியும் நானும் மட்டும். வழியெல்லாம் வேகமா, மணிக்கு 25 மைல்ல வந்தோம். நம்பர் ஒரு தடவை கூட சிமிட்டலை. கிட்ட வந்ததும் வேகத்தைக் குறைச்சோம். 14. 12. 9. 6. "நிறுத்துங்க அண்ணாச்சி!" மோட்டாரைத் தூக்கிட்டுத் துடுப்பால குத்திப் பார்த்தேன். முனை கட்டையில 'டொக்'னு பட்டுச்சு.

அங்க நின்னப்பதான் இன்னொரு கணக்குப் போட்டேன். எங்க டிரான்ஸ்டியூசர் அனுப்புறது 20 டிகிரி கூம்பு. 12 அடி ஆழத்துல அது பார்க்கிற வட்டம் சுமார் நாலடி அகலம்தான், அதுவும் நேர் கீழே. கட்டி இருக்கிறது பின்பலகையில. 17 அடி படகோட மூக்கு ஏற்கெனவே தாண்டின தண்ணியைத்தான் அது சொல்லுது. மணிக்கு 30 மைல்னா செகண்டுக்கு 44 அடி. ஆக, எவ்வளவு சரியா மாட்டினாலும் இது ஹெட்லைட் ஆகாது. 14, 12, 9-னு இறங்குதுன்னு எச்சரிக்கும், அவ்வளவுதான். அதைக் கேட்டு நிறுத்துற அளவுக்கு மெதுவாப் போறது நம்ம வேலை. அன்னைக்கு எல்லாம் சரியா மாட்டியிருந்தாலும், அந்த வேகத்துல அந்த ஓரத்துக்கு "போங்க"ன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது.

போன சனிக்கிழமை மதினியும் பசங்களும் வந்தாங்க. பாப்பா உதட்டுல தழும்பு இன்னும் லேசாத் தெரியுது. மதினி நேரா ஸ்கிரீன் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. "தம்பி, இது சிமிட்டினா என்ன அர்த்தம்?"

"காது கேட்கலைன்னு அர்த்தம் மதினி. உடனே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்க."

ரெண்டு மணி நேரமும் அவங்கதான் நம்பர் படிச்சாங்க. அண்ணாச்சி வாயே திறக்கலை :-))

பி.கு. 1: டெக்சாஸ்ல 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 13 வயசுக்குக் கீழே இருக்கிற பசங்க லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும், சட்டம். பெரியவங்களும் போடுங்கப்பா, அழகு ஒண்ணும் குறைஞ்சிடாது.

பி.கு. 2: 1993 செப்டம்பர் 1 அல்லது அதுக்கப்புறம் பிறந்தவங்க 15 குதிரைத்திறனுக்கு மேல உள்ள மோட்டார் படகை ஓட்டணும்னா இங்க படகுப் பாடம் படிச்சுப் பாஸ் பண்ணணும். அண்ணாச்சி வயசுல தப்பிச்சுட்டார். நான் பாஸ் பண்ணிட்டேன். இன்னும் வாந்திதான்.

அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா!